விசிற்றர் விசாவில் வந்த உறவினர் கனடாவில் நிலை மாறினால், அழைத்தவருக்குப் பிரச்சினை வருமா?

ஊரில் இருந்து அக்காவை விசிற்றர் விசாவில் கூப்பிட்டீர்கள். அழைப்புக் கடிதம் எழுதியது நீங்கள். வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு விபரம் எல்லாம் கொடுத்ததும் நீங்கள்தான். வந்து சில மாதம் ஆனதும், திரும்பிப் போகப் பயமாக இருக்கிறது, இங்கேயே அகதிக் கோரிக்கை வைக்கப்போகிறேன் என்கிறார் அக்கா. அல்லது இன்னும் ஆறு மாதம் நிற்க வேண்டும் என்கிறார். அல்லது இங்கே ஒருவரைக் கலியாணம் செய்யப்போகிறார். உடனே வீட்டுக்குள் ஒரு பதற்றம் வருகிறது. "கூப்பிட்டது நான். என் பிஆர் (நிரந்தர வதிவிடம்) போய்விடுமா? சிட்டிசன்ஷிப் விண்ணப்பம் நின்றுவிடுமா?"

போகாது, நிற்காது. கனடாவின் குடிவரவுச் சட்டம் ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. வந்தவர் தங்கும் காலத்தை நீட்டினாலும், அகதிக் கோரிக்கை வைத்தாலும், காலம் கடந்து நின்றாலும்கூட, அந்த ஒரு காரணத்துக்காக அழைத்தவரின் பிஆரையோ குடியுரிமையையோ வேர்க் பெர்மிட்டையோ பறிக்கச் சட்டத்தில் இடமில்லை. இதை முதலிலேயே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊரில் உண்மையான ஆபத்து உள்ள ஒருவரை, "உன்னால் எனக்குப் பிரச்சினை வரும்" என்று சொல்லித் திருப்பி அனுப்ப முயலும் குடும்பங்கள் இருக்கின்றன. இல்லாத ஒரு சட்டத்துக்குப் பயந்து எடுக்கிற முடிவு அது. ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அப்படி முடிவெடுக்கக் கூடாது.

ஆனால் அழைத்தவருக்கு எதுவுமே வராது என்று கையை உதறிவிடவும் முடியாது. உங்களைப் பிடிப்பது வந்தவரின் நிலை மாற்றம் அல்ல. நீங்கள் வைத்த கையெழுத்தும், நீங்கள் சொன்ன பேச்சும், நீங்கள் கொடுத்த வேலையும்தான். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எதில் கையெழுத்து வைத்தீர்கள் என்று பாருங்கள்

பழைய கடிதங்களின் பிரதிகளைத் தேடி எடுங்கள். மூன்று விதமான தாள்கள் இருக்கலாம்.

சாதாரண விசிற்றர் விசாவுக்கான அழைப்புக் கடிதம் என்றால், அது எழுதியவரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று கனடாக் குடிவரவுத் துறையே சொல்கிறது. விருந்தாளி வந்து இறங்கிய பிறகு அவர் செய்வதற்கு நீங்கள் சட்டப் பொறுப்பாளி அல்ல. நோட்டரியிடம் கொண்டுபோய் முத்திரை குத்தியிருந்தாலும் அப்படித்தான். அந்த முத்திரை கையெழுத்து உங்களுடையது என்று காட்டுமே தவிர, கடிதத்தை ஒப்பந்தமாக ஆக்காது. ஆனால் கடிதத்தை நல்லெண்ணத்தோடு எழுத வேண்டும், எழுதியது உண்மையாக இருக்க வேண்டும். தெரிந்துகொண்டே பொய் எழுதுவது குற்றம். இதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாவது, பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிக்குமான சூப்பர் விசா. இதில் நீங்கள் எழுதும் கடிதத்தில், அவர்கள் இங்கே இருக்கும் காலம் முழுக்கச் செலவைப் பார்ப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறீர்கள். உங்கள் வருமானம் குடும்பத்தின் அளவுக்கேற்ற குறைந்தபட்ச எல்லையைத் தொடுகிறதா என்றும் பார்க்கிறார்கள். குறைந்தது 100,000 டொலருக்கான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். 2022 ஜூலை 4 முதல் ஒரு தடவை வந்தால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். வாக்கு கனமானதுதான். என்றாலும் இது நிரந்தர வதிவிட ஸ்பொன்சரில் வரும் பொறுப்பேற்பு ஒப்பந்தம் அல்ல.

மூன்றாவது அந்த ஒப்பந்தம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை என்று யாரையாவது நிரந்தரமாக இங்கே எடுக்க நீங்கள் கையெழுத்து வைத்தால், அது அரசோடு செய்த உடன்படிக்கை. கணவன் அல்லது மனைவி என்றால் அவர் பிஆர் ஆன நாளில் இருந்து மூன்று ஆண்டு. பெற்றோர், பாட்டன் பாட்டி என்றால் இருபது ஆண்டு, கியூபெக்கில் பத்து. அந்தக் காலத்துக்குள் அவர்கள் அரசின் சமூக உதவிப் பணம் எடுத்தால், அது உங்கள் தலையில் கடனாக விழும். விவாகரத்து ஆனாலும், வேலை போனாலும், வந்தவர் குடியுரிமையே எடுத்துவிட்டாலும் கையெழுத்து மாறாது. கடனைக் கட்டி முடிக்கும்வரை வேறு யாரையும் ஸ்பொன்சர் செய்யவும் முடியாது. இதை எதிர்த்து ஒன்ராறியோவில் சில ஸ்பொன்சர்கள் வழக்காடினார்கள். 2011 ஜூனில் உச்ச நீதிமன்றம் கடன் கடன்தான் என்று சொல்லிவிட்டது. வசூலிக்கும் முன்னர் ஸ்பொன்சருக்கு அறிவித்து, அவருடைய நிலைமையைச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

நம் ஆட்கள் பயப்படும் பயம் முழுக்க இந்த மூன்றாவது தாளுக்குரியது. வைத்திருப்பதோ பெரும்பாலும் முதலாவது தாள்.

அடுத்தது, தங்கும் கடைசித் திகதி

கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவில் இருக்கும் முடிவுத் திகதி, கனடாவுக்குள் நுழைவதற்கான கடைசி நாள். எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு கணக்கு. அதிகாரி வேறு திகதி எழுதித் தராவிட்டால், சாதாரண விசிற்றர் வந்து இறங்கிய நாளில் இருந்து ஆறு மாதம். பத்து ஆண்டு விசா கையில் இருக்கிறது, பத்து ஆண்டும் நிற்கலாம் என்று நினைத்து நிலையை இழந்தவர்கள் உண்டு. எனவே விமான நிலைய முத்திரையைப் பாருங்கள். முத்திரை இல்லையென்றால் விமானச் சீட்டையும் பயண அட்டையையும் பத்திரமாக வையுங்கள். ஆறு மாதம் முடியும் நாளை நாள்காட்டியில் குறித்துவிட்டு, அதற்கு ஒரு மாதம் முந்தைய நாளையும் குறியுங்கள்.

எந்த மாற்றத்துக்கு என்ன செய்வது

தங்கும் காலத்தை நீட்டுவதுதான் எல்லாவற்றிலும் சுலபம். இணையத்தில் விண்ணப்பித்து 100 டொலர் கட்டினால் போதும். கடைசித் திகதிக்குக் குறைந்தது 30 நாள் முன்னர் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். திகதி முடியும் முன் விண்ணப்பம் போய்விட்டால், பதில் வரும்வரை அவர் சட்டப்படி விசிற்றராகவே இருக்கலாம். அழைத்தவர் மறுபடி ஒரு கடிதம் கொடுக்கலாம்: ஏன் நிற்கிறார், யார் செலவு பார்ப்பது, எப்போது போவார். திகதி தவறிவிட்டால் 90 நாளுக்குள் நிலையை மீட்டுத் தரும்படி கேட்கலாம், அதற்குத் தனிக் கட்டணம். அந்த 90 நாளும் போய்விட்டால் வழி குறுகிவிடும். வெளியேற்றக் கட்டளை வந்து, ஒரு ஆண்டுக்குக் கனடா பக்கமே வரமுடியாமல் போகலாம். அந்தத் தண்டனையும் வந்தவருக்குத்தான், உங்களுக்கு அல்ல.

வேலை அனுமதிக்கு மாறுவது பற்றி ஒரு பழைய கதை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோவிட் காலத்தில், 2020 ஓகஸ்ட் முதல், விசிற்றர்கள் இங்கே இருந்துகொண்டே வேர்க் பெர்மிட் கேட்கலாம் என்று ஒரு தற்காலிகச் சலுகை இருந்தது. 2024 ஓகஸ்ட் 28இல் அதை நிறுத்திவிட்டார்கள். இன்றும் அதைச் சொல்லிக் காசு கேட்கிறவரிடம் அக்காவை அனுப்பாதீர்கள். படிப்பும் அதே மாதிரி. ஆறு மாதத்துக்குள் முடியும் சிறு வகுப்புக்கு அனுமதி தேவையில்லை. நீண்ட படிப்பு என்றால் பெரும்பாலும் நாட்டுக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே உள்ள சிட்டிசனையோ பிஆரையோ கலியாணம் செய்தால், நாட்டுக்குள் இருந்தே ஸ்பொன்சர் விண்ணப்பம் போடலாம். அப்போது அழைத்தவரும் ஸ்பொன்சர் செய்பவரும் ஒரே ஆளாக இருக்கத் தேவையில்லை. தங்கையைக் கூப்பிட்டது அண்ணன், கலியாணம் செய்தது வேறொருவர் என்றால், அந்த மூன்று ஆண்டுப் பொறுப்பு மாப்பிள்ளைக்குத்தான், அண்ணனுக்கு இல்லை.

இனி அகதிக் கோரிக்கை. குடும்பங்கள் அதிகம் குழம்புவது இதில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கோரிக்கை வைத்தவுடன் அதிகாரிகள் கடவுச்சீட்டை எடுத்து வைத்துக்கொள்வார்கள். கூடவே ஒரு வெளியேற்றக் கட்டளையும் தருவார்கள். அதை வாசித்ததும் வீடே நடுங்கிப்போகும். அது நிபந்தனையோடு வரும் கட்டளை. கோரிக்கை முடிவாகும்வரை நடைமுறைக்கு வராது, கோரிக்கை வைக்கும் பெரும்பாலானோருக்கும் இது வழக்கமாகக் கொடுக்கப்படுவது. அதன் பிறகு கோரிக்கையாளர் என்பதற்கான ஆவணம், மருத்துவப் பரிசோதனை, வேர்க் பெர்மிட், குடிவரவு மற்றும் அகதிகள் சபையின் விசாரணை என்று ஒவ்வொன்றாக நடக்கும். இந்த வரிசையில் எங்கும் அழைத்தவருக்குக் கடிதம் போட்டு விளக்கம் கேட்கும் படி கிடையாது. அவர் ஒன்ராறியோவில் சமூக உதவிப் பணம் எடுத்தாலும், விசிற்றர் அழைப்புக் கடிதம் எழுதியவரிடம் அதைத் திருப்பிக் கேட்க வழியில்லை.

உங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தால் தபால்கள் உங்கள் வீட்டுக்கு வரும். திறக்காமல் அவரிடம் கொடுங்கள். அவர் வீடு மாறினால் புது முகவரியை உடனே அறிவிக்கச் சொல்லுங்கள். விசாரணைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், அவர் வராமல் விட்டார் என்று கோரிக்கையே கைவிடப்படலாம்.

நீங்களே முன்பு அகதியாக வந்தவர் என்றால், இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒரே குடும்பத்துச் சம்பவங்கள் இரண்டு கோரிக்கைகளில் வரும்போது, ஒருவர் கோப்பில் உள்ளதை மற்றவர் கோரிக்கையில் பயன்படுத்த அகதிகள் சபையின் விதிகள் இடம் கொடுக்கின்றன. நீங்கள் 2009இல் சொன்ன கதையும் அக்கா இப்போது சொல்லும் கதையும் ஒன்றையொன்று வெட்டினால், இரண்டு கோப்பும் மேசைக்கு வரலாம். நடந்ததை நடந்தபடி சொன்னவர்களுக்கு இதில் பயமில்லை. திகதிகள் மறந்துபோவது இயல்பு. அதற்காகக் கதையை ஒட்டவைத்துச் சொல்லிக் கொடுக்காதீர்கள், அதுதான் ஆபத்து. உங்கள் பழைய கோப்பின் பிரதியை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அழைத்தவர் உண்மையிலேயே மாட்டிக்கொள்ளும் இடங்கள்

கடிதத்தில் தெரிந்து எழுதிய பொய் முதலாவது. அவர் வந்தவுடன் கோரிக்கை வைக்கப்போகிறார் என்று பேசி முடித்துவிட்டு, "இரண்டு மாதத்தில் திரும்பிவிடுவார்" என்று கையெழுத்து வைப்பது அந்த வகை. அகதிக் கோரிக்கை வைத்தவருக்கு, இங்கே வருவதற்காகச் சொன்ன பொய்க்கு, கோரிக்கை முடியும்வரை வழக்குப் போடாமல் இருக்கச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. கடிதம் எழுதியவருக்கு அது கிடையாது. பொய்த் தகவல் கொடுத்தால் அல்லது கொடுக்கத் தூண்டினால், அதிகபட்சம் 100,000 டொலர் அபராதம், ஐந்து ஆண்டுச் சிறை என்று சட்டம் வைத்திருக்கிறது. வந்த பிறகு மனம் மாறியதும், ஊரில் நிலைமை மாறியதும் வேறு விஷயம். எழுதிய நாளில் நீங்கள் நம்பியதைத்தான் எழுதினீர்கள் என்றால், நீங்கள் பொய் சொல்லவில்லை.

இரண்டாவது, கடை. சித்தப்பா வீட்டில் சும்மாதானே இருக்கிறார், கடைக்கு வந்து கொஞ்சம் பார்க்கட்டும் என்று ஸ்காபரோவில் கடை வைத்திருக்கும் பெறாமகன் கூட்டிப்போகிறார். முதலில் கதிரையில் இருந்து தேநீர் குடிக்கிறார். அப்புறம் மரக்கறிப் பெட்டியை உடைத்து அடுக்குகிறார். மாதக் கடைசியில் காசுப் பெட்டிக்குப் பின்னால் நிற்கிறார், கையில் கொஞ்சம் காசும் வருகிறது. வேலை அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைப்பது முதலாளியின் குற்றம், அதிகபட்சம் 50,000 டொலர் அபராதம், இரண்டு ஆண்டுச் சிறை. "உறவுக்காரர், சம்பளம் இல்லை" என்பதும் தப்பிக்கும் வழி அல்ல. கூலிக்கு ஒருவர் செய்யும் வேலையை அவர் செய்கிறார் என்றால் அது வேலைதான். "அனுமதி இருக்கிறதா என்று கேட்கவில்லை" என்றாலும் விடமாட்டார்கள், விசாரித்துப் பார்ப்பது முதலாளியின் கடமை என்கிறது சட்டம். சித்தப்பா அகதிக் கோரிக்கை வைத்திருந்தாலும் வேர்க் பெர்மிட் கைக்கு வரும் நாள்வரை பொறுங்கள். இந்த முழுக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். நல்ல மனதோடு உதவப் போய்ச் சட்டத்தில் சிக்குவது இங்கேதான்.

மூன்றாவது, பிணை. வந்தவரை எல்லைச் சேவை முகவரகம் தடுத்து வைத்தால், அவரை வெளியே எடுக்க உறவினர் ஒருவர் காசு கட்டிப் பொறுப்பெடுக்க வேண்டி வரலாம். அவர் நிபந்தனையை மீறினால் அந்தக் காசு போகும். அவர் நாளுக்கு நாள் என்ன செய்கிறார் என்று பார்க்க முடியும் என்றால் மட்டும் கையெழுத்து வையுங்கள்.

மருத்துவமனையிலும் கவனம். விசிற்றருக்கு ஒன்ராறியோவின் அரசு மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் கிடையாது, ஓர் இரவு வைத்தியசாலையில் படுத்தாலே கட்டணம் ஆயிரங்களில் வரும். அவசரத்தில் நீட்டுகிற தாளில் "கட்டணத்துக்கு நான் பொறுப்பு" என்ற இடத்தில் உங்கள் பெயரில் கையெழுத்து வைத்தால், அந்தக் கடன் உங்களுடையது. காப்புறுதியை வருவதற்கு முன்னரே எடுத்துவிடுங்கள்.

அரசு மானிய வீட்டில் இருப்பவர்களும், சமூக உதவிப் பணம் எடுப்பவர்களும், வீட்டில் ஒருவர் கூடிவிட்டால் அதை அறிவிக்க வேண்டி வரும். எத்தனை நாள் விருந்தாளி நிற்கலாம் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். குடிவரவில் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் இருந்து, இதைச் சொல்லாமல் விட்டதால் வாடகை மானியத்தை இழப்பது வீணான இழப்பு.

கடைசியாக ஒன்று, பலர் கவனிக்காதது. அகதியாக ஏற்கப்பட்டு பிஆர் ஆகி, இன்னும் சிட்டிசன் ஆகாதவர்கள், உறவை நிரூபிப்பதற்காக அழைப்புக் கடிதத்தோடு படங்கள் இணைப்பார்கள். போன ஆண்டு யாழ்ப்பாணத்தில் தம்பியின் கலியாணத்தில் எடுத்த படமும் அதில் இருக்கும். பாதுகாப்புத் தேடி விட்டு வந்த நாட்டுக்கு, அந்த நாட்டுக் கடவுச்சீட்டில் திரும்பிப் போய் வந்தால், அகதிப் பாதுகாப்பை நிறுத்தும்படி அரசு கேட்கலாம். 2012 டிசம்பர் முதல் அதோடு பிஆரும் சேர்ந்தே போகும். அக்காவின் நிலை மாற்றம் உங்கள் பிஆரைத் தொடாது; உங்கள் சொந்தப் பயணம் தொடலாம். அப்படிப் போய் வந்தவர்கள், யாரையும் அழைக்கும் முன் வழக்கறிஞர் ஒருவரோடு கதைத்துவிடுங்கள்.

யாரிடம் கேட்பது

காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல, சட்டச் சங்கத்தில் பதிவான வழக்கறிஞராகவோ ஒன்ராறியோவின் உரிமம் பெற்ற பாராலீகலாகவோ, குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் (ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பு) உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். இரண்டு அமைப்புகளின் இணையத் தளத்திலும் பெயரைப் போட்டுத் தேடலாம், ஐந்து நிமிட வேலை. அகதிக் கோரிக்கைக்கு வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் லீகல் எய்ட் ஒன்ராறியோவில் கேளுங்கள். வருமானத்தைப் பார்த்து உதவுகிறார்கள், தமிழில் மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார். கோரிக்கை வைப்பதென்றால் நாளைக் கடத்தாதீர்கள். பயம் இருந்தால் ஏன் இவ்வளவு காலம் பொறுத்தீர்கள் என்று விசாரணையில் கேட்பார்கள்.

அழைத்தவரும் வந்தவரும் ஒரே வழக்கறிஞரிடம் போவதில் தவறில்லை. ஆனால் இருவரின் நலனும் மோதும் என்று தெரிந்தால், உதாரணமாகப் பழைய கோப்பில் முரண் இருந்தால், தனித்தனியாகப் போங்கள். அக்கா தன் கதையை உங்கள் முன்னால் சொல்லத் தயங்கக்கூடும், அதையும் மதியுங்கள்.

அடுத்த முறை இன்னொருவரை அழைக்கும்போது

அக்கா இங்கே நின்றுவிட்டார், இப்போது தங்கையைக் கூப்பிட வேண்டும். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். சட்டப்படி உங்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் விசா அதிகாரி, வருகிறவர் திரும்பிப் போவார் என்று நம்ப வேண்டும். போன தடவை இதே வீட்டுக்கு வந்தவர் நின்றுவிட்டார் என்பது அவர் கணினியில் தெரியலாம். அது தங்கையின் விசாவைக் கடினமாக்கலாம், முடியாததாக்காது. அவருக்கு ஊரில் நிரந்தர வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், சொத்து, முன்பு வேறு நாட்டுக்குப் போய்த் திரும்பிய பயணம் என்று எது இருந்தாலும் அதற்கான ஆதாரத்தைத்தான் கோப்பில் முன்னுக்கு வைக்க வேண்டும். உங்கள் சம்பளக் கடிதத்தை விட அது கூடப் பேசும்.

கடிதத்தை நீட்டி முழக்க வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: "என் தங்கை ஜூலையில் மூன்று வாரம் என் வீட்டில் தங்குவார். விமானச் சீட்டை அவரே வாங்குகிறார். தங்குமிடமும் சாப்பாடும் நான் பார்த்துக்கொள்வேன். ஓகஸ்டில் பள்ளிக்கூடம் தொடங்குவதால் அதற்கு முன் திரும்பி வேலைக்குப் போக வேண்டும்." கூடவே உங்கள் பிறந்த திகதி, முகவரி, தொலைபேசி, வேலை, வீட்டில் எத்தனை பேர், உங்கள் பிஆர் அட்டை அல்லது குடியுரிமைச் சான்றின் பிரதி.

தங்கை நிரப்பும் குடும்ப விபரப் படிவத்தில் உடன்பிறந்தவர்களின் பெயரும் அவர்கள் இப்போது இருக்கும் முகவரியும் கேட்பார்கள். அக்காவின் பெயரை விட்டுவிடலாமா, ஊர் முகவரியைப் போடலாமா என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அகதிக் கோரிக்கையின்போது அக்கா எழுதிக் கொடுத்த விபரத்தில் தங்கையின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. மறைத்தது தெரிந்தால் தங்கைக்கு ஐந்து ஆண்டு கனடாக் கதவு மூடிவிடும். அக்காவின் பெயருக்கு நேரே அவர் இப்போது இருக்கும் கனடா முகவரியை எழுதுங்கள்.